கருங்கொல்லைப் பிள்ளைகளும் படித்தார்கள்

ஜவ்வாது மலையின் காலடியில் பிறந்து, காலடியிலேயே வாழ்க்கைப்பட்டு, அங்கேயே கிழவியும் ஆனவள் நான். ஆலங்காயத்தில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் என் டிபன் கடை. மலைக்காரர்கள் புளியும் சாமையும் விற்க இறங்கினால் என் கடையில்தான் பசியாறுவார்கள். அத்தனை வருஷமும் அவர்கள்தான் என்னிடம் வந்தார்கள். நான் ஒரு நாளும் ஏறிப் போகவில்லை. எனக்கென்ன அங்கே வேலை என்று இருந்துவிட்டேன். இந்தப் பங்குனியில்தான் போக நேர்ந்தது. போய் வந்ததிலிருந்து மனசு சரியில்லை.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். கடைப் பலகையில் தினமும் இட்லி, பொங்கல் என்று எழுதி எழுதிப் பழகிய கைதான் இதையும் எழுதுகிறது. மெதுவாக வரும், ஆனால் வரும். ஊர்ப் பெயர்களையும் ஆள் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். ஒரு பெண்ணின் பிழைப்பு இதில் இருக்கிறது.

என் தங்கை மகள் சுமதி வேலூரில் ஒரு அறக்கட்டளையில் வேலை பார்க்கிறாள். வாத்தியார்களுக்கு நல்ல பயிற்சி கொடுத்தால் பிள்ளைகள் கூடுதலாகப் படிக்கிறார்களா என்று பார்ப்பதுதான் அவர்கள் ஆராய்ச்சி. மலையில் பிள்ளைகளைச் சோதிக்கப் போக வேண்டியிருந்தது. கூட வர வேண்டிய பெண்ணுக்கு டைபாய்டு. வயசுப் பெண்ணைத் தனியாக மலைக்கு அனுப்ப மனசு வரவில்லை, நீ கூடப் போயேன் அக்கா என்று தங்கை போனில் அழுதாள். கடைக்கு நாலு நாள் விடுமுறை என்று பலகையில் எழுதி மாட்டிவிட்டுக் கிளம்பினேன். அப்படியே வருஷத்துப் புளியையும் நேரில் பார்த்து வாங்கிவிடலாம் என்று ஒரு எண்ணம். இடையில் நிற்கிற வியாபாரிக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்?

பஸ்ஸில் எங்களுக்குப் பின்னால் ஆந்திராவிலிருந்து வந்த புளி வியாபாரி ஒருவன் உட்கார்ந்து, ஏறியதிலிருந்து போனில் தெலுங்கில் பேசிக்கொண்டே வந்தான். எனக்குத் தெலுங்கு தெரியும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? "இந்த மலை ஆளுங்க ரொம்ப நல்லவங்க. சொன்ன விலைக்குத் தருவாங்க, திரும்பிக் கேக்க மாட்டாங்க" என்றான். பெருமையாகத்தான் சொன்னான். எனக்குத்தான் என்னவோ போல இருந்தது. இத்தனை வருஷம் நானும் அவர்களிடம் திரும்பிக் கேட்காத விலைக்குத்தான் வாங்கியிருப்பேனோ என்று ஒரு நினைப்பு வந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

சுமதி தன் வேலையை எனக்கு விளக்கினாள். மலையில் சில ஊர்ப் பள்ளிகளைப் பொறுக்கி, அங்கே உள்ள டீச்சருக்கு மாதா மாதம் பயிற்சி. எழுத்து அட்டை, கதை அட்டை, வகுப்புப் பார்க்காமல் பிள்ளைகளுக்குத் தெரிந்த அளவுக்குக் குழு பிரித்து உட்கார வைப்பது என்று எல்லாம் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே அதே மாதிரி வேறு சில ஊர்ப் பள்ளிகள். அவற்றுக்கு ஒன்றும் கிடையாது. ஒன்றும் கொடுக்கவே கூடாது. தொடக்கத்தில் ஒரு தடவை, கடைசியில் ஒரு தடவை என்று இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் படிக்க வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

"ஒரு புள்ளைக்குச் சோறு போட்டுட்டு இன்னொரு புள்ளை எவ்ளோ எளைக்குதுன்னு குந்திப் பாக்கறியா?" என்று கேட்டேன்.

"அப்படி இல்ல பெரிம்மா. போட்ட சோத்துல சத்து இருக்குதான்னு தெரியணுமா இல்லியா? தெரிஞ்சா எல்லா ஊருக்கும் போடலாம். தெரியாம வெறும் தவிடா போட்டுகினு இருந்தா?"

அது சரியென்றே எனக்குப் பட்டது. நானும் புது மாவு வந்தால் ஒரு ஈடு ஊற்றிப் பார்க்காமல் கடையில் வைப்பதில்லை.

மற்ற இடங்களில் பயிற்சி எடுத்த டீச்சர்கள் மாற்றலாகிப் போய்விட்டார்களாம். இப்போது எல்லாம் இந்த மலையில் இருக்கிற மூங்கில்கொட்டாய், கருங்கொல்லை என்ற இரண்டு ஊர்களை நம்பித்தான் நின்றது. மூங்கில்கொட்டாய் பயிற்சி பெற்ற பள்ளி. கருங்கொல்லை ஒன்றும் பெறாத பள்ளி. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஓடை. மூங்கில்கொட்டாய்ப் பிள்ளைகள் மேலே இருந்தால், மலைக்கே இந்தத் திட்டம் வரும், கருங்கொல்லைக்குத்தான் முதலில். வித்தியாசம் இல்லையென்றால் திட்டத்தை மூடிவிடுவார்கள். மூங்கில்கொட்டாயில் அறக்கட்டளை சம்பளத்தில் இருக்கிற வேடியம்மாள் என்ற டீச்சருக்கும் வேலை போய்விடும்.

மூன்றாவது வளைவிலோ நாலாவதிலோ பஸ் புகைவிட்டு நின்றது. இறங்குங்க என்றார் கண்டக்டர். தண்ணீர் இருப்பவர்கள் ரேடியேட்டருக்குக் கொடுங்கள் என்று கேட்டார். நான் வீட்டிலிருந்து சீரகம் போட்டுக் காய்ச்சி எடுத்துவந்த தண்ணீரும் அதில்தான் போனது. அப்படியும் வண்டி ஏறவில்லை. கல்லின் மேல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம். கீழே ஆலங்காயம் பக்கம் பார்த்தேன். என் ஊர் எது என்று எனக்கே தெரியவில்லை. ஒரு சாம்பல் படலம், அவ்வளவுதான். அதற்குள் எத்தனை சண்டை, எத்தனை கௌரவம்.

பின்னால் புளி மூட்டைக்காக மேலே போன காலி டெம்போ ஒன்றில் ஏற்றிவிட்டார்கள். முன்னால் டிரைவர் பக்கத்தில் எனக்கு இடம் கொடுத்தார்கள். என் வயசுக்குக் கொடுத்தார்கள், நான் கேட்கவில்லை.

மூங்கில்கொட்டாயில் வேடியம்மாள் வீட்டில்தான் தங்கினோம். எல்லோரும் வேடி டீச்சர் என்றுதான் சொன்னார்கள். ஒடிசலான பெண், சிரித்தால் முகம் முழுக்கச் சிரிப்பாள். அந்த ஊரில் டீச்சர் படிப்புப் படித்த முதல் ஆள் அவள். படித்துவிட்டும் வேலையில்லாமல், கல்யாணம் ஆகி, புருஷனோடு குடகுக்குக் காப்பித் தோட்டத்துக்குப் போய்ப் பழம் பறித்தவள். இந்த வேலை வந்த பிறகுதான் ஊரில் தங்கினாள். புருஷன் இன்னும் குடகில்தான். மாமியார் மட்டும் வீட்டில்.

ராத்திரிச் சாப்பாடு கேழ்வரகுக் களி, கொள்ளுச் சாறு. களி எங்கள் ஊரிலும் கிண்டுவோம். ஆனால் நாங்கள் கிண்டுவது வாயில் ஒட்டும். இது தொண்டையில் தானாக வழுக்கிக்கொண்டு போனது. கொள்ளில் பூண்டு கொஞ்சம் தூக்கல் என்று மட்டும் சொன்னேன். கடைக்காரி வாய் சும்மா இருக்காது. மாமியார்க்காரி கோபித்துக்கொள்ளவில்லை. "நாளைக்கு நீயே ஆக்கு, துன்னு பாக்கறோம்" என்றாள்.

மறுநாள் காலையில் குளிர் எலும்பைக் கடித்தது. பங்குனியில் எங்கள் ஊரில் விடிகிறபோதே வேர்க்கும். பள்ளிக்கூடம் ஓட்டுக் கட்டடம், இரண்டு அறை. சுமதி புங்க மரத்தடியில் தனியாகப் பாய் போட்டு உட்கார்ந்து, பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். முதலில் எழுத்து, பிறகு வார்த்தை, பிறகு சின்னக் கதை. பிள்ளைகள் என்னையே திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று என்னைத் தூரப் போய் உட்காரச் சொன்னாள். போனேன். அங்கேயும் காது கேட்டது.

நன்றாகப் படித்தார்கள். எழுத்துக்கூட்டித் திணறாமல், பேசுகிற மாதிரியே படித்தார்கள். நரியும் ஆமையும் பேசுகிற கதையில் ஒரு பெண் நரிக்கு ஒரு குரல், ஆமைக்கு ஒரு குரல் வைத்துப் படித்தது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. அந்த வயசில் நான் அண்டா கழுவிக்கொண்டிருந்தேன்.

வேடி டீச்சர் எட்டி நின்று, கைவிரலைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். தான் பரீட்சை எழுதுவது போல. நடுவில் என் பக்கம் வந்து, மேடம் முகத்தைப் பார்த்தால் எப்படித் தெரிகிறது என்று கேட்டாள். குடகிலிருந்து தோட்டத்து மேஸ்திரி போன வாரமே வந்து ஆள் பேர் எழுதிக்கொண்டு போயிருக்கிறான். இந்தத் தடவை தன் பேரை எழுதாதே என்று சொல்லிவிட்டாளாம். "இந்தப் பரீட்சையில நாங்க தேறிட்டா நான் எதுக்குங்கம்மா அங்க போவணும்?" என்றாள்.

அன்று சாயங்காலம் ஒரு சங்கதி பார்த்தேன். பாறையில் தேன் எடுத்துவிட்டு ஆண்கள் திரும்பினார்கள். ஊரே கூடிவிட்டது. எங்கள் பக்கம் என்றால் முதலில் விரலை விட்டு நக்கிப் பார்ப்போம். இங்கே ஒருத்தரும் தொடவில்லை. முதலில் இரண்டு குடத்தில் சரிபாதியாக வடித்தார்கள். ஒரு குடத்தைத் தலையில் வைத்து ஒருத்தன் ஓடையைத் தாண்டிக் கருங்கொல்லைக்குப் போனான். அவன் போய்ச் சேர்ந்தான் என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்த பிறகுதான் இங்கே பிள்ளைகளுக்கு ஊற்றினார்கள். மாமியார்க்காரியிடம் கேட்டேன். இரண்டு ஊருக்கும் ஒரே சாமி, பெண் கொடுக்கல் வாங்கல் எல்லாம் இவர்களுக்குள்தான். ஊருக்கென்று எது வந்தாலும் பாதி அவர்களுக்கு, அவர்களுக்கு வந்தால் பாதி இவர்களுக்கு. பங்கு போகாமல் தின்றால் சாமி குத்தம். அடுத்த வருஷம் ஒன்றும் வராது.

தேன் கொஞ்சம் கசந்தது. காட்டுப் பூவின் கசப்பு. அதையும் சொன்னேன்.

மூன்றாம் நாள் கருங்கொல்லை. சனிக்கிழமை என்றாலும் எங்களுக்காகப் பள்ளியைத் திறந்து வைத்திருந்தார்கள். ஓடையில் தண்ணீர் இல்லை, கல்தான். சுமதி கையைப் பிடித்துக்கொண்டு தாண்டினேன். நல்ல உற்சாகமாக இருந்தாள். மூங்கில்கொட்டாய்ப் பிள்ளைகள் அவள் எதிர்பார்த்ததற்கு மேலேயே படித்திருந்தார்கள்.

கருங்கொல்லைப் பள்ளியில் ஒரே டீச்சர்தான். எல்லா வகுப்புக்கும் அவரேதான், மீட்டிங்குக்கு இறங்குவதும் அவரேதான். பாவம், நல்ல மனுஷர். என் பிள்ளைகள் சுமாராத்தான் படிக்கும், திட்டாதீங்க என்று முன்கூட்டியே சொன்னார். ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் ஆண்டியப்பன் எங்களைப் பார்க்க வந்திருந்தார். தலைப்பாகையும் தோளில் துண்டுமாக, என்னைவிட மூத்தவர். ஊர்ப் பிள்ளைகளுக்குத் தலை வாரி, எண்ணெய் வைத்து, கிழிசல் இல்லாத சட்டையாகப் போட்டு அனுப்பியிருந்தார்கள். இந்தப் பரீட்சையில் நன்றாகச் செய்தால் தங்கள் ஊருக்கும் வேடி மாதிரி ஒரு டீச்சர் வரும் என்று அவர்களுக்கு நம்பிக்கை. யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. யாரும் சொல்லாமலே நம்பியிருப்பார்கள்.

முதல் பிள்ளை படித்தது. சரளமாகப் படித்தது. கெட்டிக்காரப் பிள்ளை போலிருக்கிறது என்று நினைத்தேன். இரண்டாவதும் படித்தது. மூன்றாவதும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊரிலிருந்து கடலை உருண்டை கொண்டுபோயிருந்தேன். படித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று கொடுத்தேன். அந்த டீச்சரே வாய் பிளந்து நின்றார்.

சுமதி முகத்தைப் பார்த்தேன். ரத்தம் சுண்டியிருந்தது. பிள்ளைகள் படிக்கப் படிக்க அவள் முகம் விழுந்துகொண்டே போனது. என்னடி என்று கேட்டேன். "பெரிம்மா, கொஞ்சம் கம்முனு இருங்க" என்றாள். அவள் என்னிடம் அப்படிப் பேசியதே கிடையாது. வேறு நேரமாக இருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன்.

சாப்பாட்டு மணி அடித்ததும் சொன்னாள். இந்த ஊரும் அந்த ஊரும் ஒரே அளவு. வித்தியாசமே இல்லை. பயிற்சியால் ஒரு பயனும் இல்லை என்றுதான் இதற்கு அர்த்தம். இரண்டு ஊரும் போன தடவையைவிட நன்றாகப் படிக்கிறதே என்று கேட்டேன். பிள்ளைகளுக்கு வயசு ஏறுகிறதல்லவா, தானாகவும் கொஞ்சம் ஏறும், அதனால் அது கணக்கில் வராது என்றாள். எத்தனை பஸ் ஏறி எத்தனை தடவை வந்திருப்பாள் இந்த மலைக்கு.

அப்போதுதான் கடலை உருண்டையை இன்னும் வாயில் அடக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் குழந்தை என் மடியில் வந்து சாய்ந்தது. இவ்வளவு நன்றாகப் படிக்க யாரம்மா சொல்லிக்கொடுத்தது என்று சும்மாதான் கேட்டேன்.

"வேடி டீச்சரு. ஞாயித்துக்கெழம கோயிலாண்ட."

சுமதி திரும்பி ஊர்க்கவுண்டரைப் பார்த்தாள்.

ஊர்க்கவுண்டர்தான் மிச்சத்தைச் சொன்னார். மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. படிப்பு அட்டைகள் முதலில் மூங்கில்கொட்டாய்க்கு வந்தபோதே இரண்டு ஊர்ப் பெரியவர்களும் கூடிப் பேசினார்களாம். ஊருக்கு வந்த பொருள், பங்கு போக வேண்டியதுதானே. அட்டையைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது, சொல்லிக்கொடுக்கிற ஆளும் வேண்டும். அதனால் வேடியின் ஞாயிற்றுக்கிழமையையும் பங்கு போட்டார்கள். ஓடைக்குப் பக்கத்தில் இரண்டு ஊருக்கும் பொதுவான கோயில். ஞாயிறு காலையில் கருங்கொல்லைப் பிள்ளைகள் அங்கே வந்து உட்காருவார்கள். வாரா வாரம், மழைக்காலத்தில்கூட.

திரும்பும்போது ஓடைக் கல்லில் வேடியே எதிரில் வந்தாள். கருங்கொல்லைப் பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள் என்று கேட்கத்தான் ஓடி வந்திருக்கிறாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஏன் வேடி இப்படிச் செஞ்ச?" என்றாள் சுமதி. "அந்த ஊருக்கு ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு எத்தினி வாட்டி சொன்னேன்? ஒத்துகினு கையெழுத்து போட்டியே?"

"போட்டேன் மேடம். அந்த ஸ்கூலுக்குக் குடுக்கக் கூடாதுன்னீங்க, குடுக்கல. அந்த சாருக்குச் சொல்லித் தரக் கூடாதுன்னீங்க, தரல. அந்த ஸ்கூல் வாசப்படிகூட மிதிக்கல. கோயிலாண்ட வந்து குந்துச்சிங்க, எங்க புள்ளைங்க."

"அதுங்க கருங்கொல்லைப் புள்ளைங்க வேடி."

"எங்க அக்கா புள்ளைங்க, என் நாத்தனார் புள்ளைங்க. எந்தப் புள்ளைய எழுந்து போன்னு சொல்லச் சொல்றீங்க?"

சுமதி கோபப்படவில்லை. கல்லில் அவளையும் உட்கார வைத்துப் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். பஸ்ஸில் எனக்குச் சொன்னதை அப்படியே. வேடி படித்த பெண், சட்டென்று பிடித்துக்கொண்டாள். அவள் சிரிப்பு எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை. பார்க்கும்போது இல்லை.

"அப்ப எங்க ஊரு புள்ளைங்க மட்டும் படிச்சிருந்தா நல்லதா மேடம்?"

சுமதி காலடியில் கிடந்த கூழாங்கல்லைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். "ஆமா."

காய்ந்த ஓடையில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். புளிய மரத்தில் யாரோ உலுக்குகிற சத்தம். பழம் பொலபொலவென்று கொட்டியது. நல்ல புளி. போய்ப் பார்க்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சுமதியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை விஷயத்தை எழுதாமல் விட்டுவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்று. அவள் தலையை ஆட்டினாள்.

"எழுதலன்னா பயிற்சி வெறும் தவிடுன்னு ஆயிடும் பெரிம்மா. இந்த மலைக்கு மட்டும் இல்ல, எந்த ஊருக்கும் குடுக்க மாட்டாங்க. எழுதினா ரூல்ஸ மீறிட்டான்னு வேடியத் தூக்கிடுவாங்க. எப்படி எழுதினாலும் அவ வேலை போவுது. எழுதினா பயிற்சி மேல பழியாச்சும் வராது."

"அந்தப் பொண்ணு வேலை நிக்கிற மாதிரி எழுத உனக்குத் தெரியாதா?"

"பொய்தான் எழுதணும். கருங்கொல்லைப் புள்ளைங்களுக்குப் படிக்கத் தெரியலன்னு எழுதணும். எழுதட்டுமா? நீங்க சொல்லுங்க."

நான் எழுந்து போய், மடித்து வைத்த பாயையே திரும்ப மடித்தேன். எத்தனையோ பேருக்கு எத்தனையோ நியாயம் சொன்ன வாய் இது.

ஊருக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது, அங்கே ஏறினால்தான் போனில் சிக்னல் கிடைக்கும். சுமதி ஏறிப் போனாள். வேடியும் நானும் கீழே நின்றோம். சுமதி நடந்துகொண்டே பேசுவது தெரிந்தது, கையை ஆட்டி ஆட்டி என்னென்னவோ கேட்பது தெரிந்தது. சத்தம் காற்றில் போய்விட்டது. பிறகு கை ஆடுவது நின்றது. வெறுமனே காதில் வைத்துக்கொண்டு நின்றாள். வேடி அதைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். பேச்சு முடிகிற வரைக்கும் காத்திருக்கவில்லை. மாமியாருக்கு உலை வைக்கணும் என்று போய்விட்டாள்.

போனில் பேசிய அறக்கட்டளைப் பெரிய சார் கெட்டவர் இல்லையாம். வருத்தப்பட்டாராம். இரண்டு ஊரையும் கணக்கிலிருந்தே எடுத்துவிடுவது, வேறு மாவட்டத்தில் வேறு ஊர்களில் புதிதாகத் தொடங்குவது என்று முடிவு. அட்டைகள் இங்கேயே இருக்கலாம். வேடி வேலை இந்தப் படிப்பு வருஷத்தோடு சரி.

வேடி வைத்த உலையில் அன்றைக்கு நான்தான் சமைத்தேன். சொன்னபடி கொள்ளில் பூண்டைக் குறைத்தேன். யாரும் சாப்பிடவில்லை, அதனால் எப்படி இருந்தது என்று தெரியாது. மாமியார்க்காரி மட்டும், "மேஸ்திரிக்குப் போன் போட்டுச் சொல்லிடு. பேரு எழுதுறத முடிச்சிடப் போறான்" என்றாள். வேடி, சரி அத்தை என்றாள். சுமதி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளைத் தட்டிக்கொடுக்க எழுந்து போனேன், பிறகு தட்டிக்கொடுக்காமலே திரும்பி வந்துவிட்டேன். யாரைத் தேற்றுவது, யாரைத் திட்டுவது என்று பிடிபடவில்லை. திட்டுவதற்கு ஒருத்தர் கிடைத்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

நாலாம் நாள் கிளம்பினோம். அன்று ஞாயிறு. டெம்போ நிற்கிற இடத்துக்குப் போகும் வழியில் அந்தக் கோயில். கல் மேடையில் பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். வேடி வழக்கம்போலக் குழு பிரித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து, போய்ட்டு வாங்கம்மா, போய்ட்டு வாங்க மேடம் என்றாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. சுமதி ஏதோ சொல்லப் போனாள். வேடி அதற்குள் ஒரு பிள்ளையின் அட்டையைத் திருப்பிப் பிடிக்கச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

டெம்போ நிற்கிற இடத்தில் ஊர்க்கவுண்டர் ஆண்டியப்பன் எங்களுக்காகக் காத்திருந்தார். கையில் ஒரு பை. தீட்டின சாமை, கருங்கொல்லையில் வீட்டுக்கு வீடு வாங்கியதாம். சுமதி கையில் கொடுத்தார். "எங்க ஊருக்கு டீச்சரு எப்போ வருதுங்க?" என்று கேட்டார்.

சுமதி என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. அவளால் ஆகாது என்று தெரிந்தது. நான் முன்னால் வந்தேன். பொய் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடலாம், வருங்க வருங்க என்று. ஆனால் நாளைக்கே அவர் புளி விற்க வந்து என் கடை பெஞ்சில் உட்காருவார். அவருக்கு நான் எந்த முகத்தோடு இலை போடுவது?

"வராதுங்க" என்றேன். "வேடிக்கும் வேலை போயிடுச்சுங்க."

"எங்க புள்ளைங்க சரியா படிக்கலீங்களா?"

"நல்லாப் படிச்சாங்க."

"பின்ன இன்னாங்க?"

எனக்குத் தெரிந்த வரைக்கும் சொன்னேன். மூங்கில்கொட்டாய்ப் பிள்ளைகள் ஒரு படி மேலே இருந்திருக்க வேண்டும், கருங்கொல்லைப் பிள்ளைகள் ஒரு படி கீழே இருந்திருக்க வேண்டும், இரண்டும் சமமாக இருந்ததால் கொடுத்ததற்குப் பலன் இருக்கிறதா என்று தெரியாமல் போய்விட்டது என்று. சொல்லச் சொல்ல அது எனக்கே நன்றாகக் கேட்கவில்லை. அவர் குறுக்கே பேசாமல், தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, மரியாதையாகக் கேட்டார். முழுசாகப் புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன். டெம்போக்காரன் ஹாரன் அடித்தான். சுமதி பையைத் திருப்பி நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"இத்த முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாங்க?" என்றார். "எங்க புள்ளைங்கள அன்னிக்கு மட்டும் தப்பா படிக்கச் சொல்லியிருப்போமே. அந்தப் பொண்ணு வேலையாச்சும் நின்னிருக்கும்."